நடுவில் ஓர் இடம் விட்டு

1

அண்ணனின் சறுக்குக் காலணி எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியதுதான் இந்தக் கதைக்குக் காரணம். கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்திருந்தால் நான் வீட்டில் உட்கார்ந்து வேறு எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். உங்களுக்கும் ஒரு தொல்லை மிச்சம்.

அண்ணன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஐம்பதை நெருங்கும் வயதில் திடீரென்று பனிச்சறுக்கு அரங்கில், பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தான். அண்ணியையும் இழுத்துக்கொண்டு போனான். "பஸ்ஸுக்கு அடியில படுத்தே பாதி ஆயுசு போச்சுடா. மிச்சத்தையாவது நின்னுக்கிட்டு ஓட்டறேன்" என்றான். மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டான்.

(இதை இவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்கக் கூடாதுதான். இரண்டாம் பகுதிக்குத் தள்ளிப் பார்த்தேன், நான்காம் பகுதிக்குத் தள்ளிப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் அவன் செத்துத்தான் போகிறான்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "பனித்தரை ஒரு வெள்ளைத் தாளைப் போல..." வேண்டாம். எழுதுகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் தாள்தான்.

இரண்டாம் முயற்சி: "மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் ஒரு பெண், கணவன் இறந்த பிறகு, தன்னந்தனியாக..." பொய். நானும் கூடப் போனேன். "ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கீங்க, அவர் ஷூவப் போட்டுக்கிட்டு வாங்க தம்பி" என்று அண்ணிதான் கூப்பிட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஊர் திரும்பிய மறு வாரமே போனோம். உறவுக்காரர்கள் வாயில் விழ வேண்டியதாயிற்று.

விழுவதற்கும் ஒரு முறை உண்டு என்று அரங்கில்தான் தெரிந்துகொண்டேன். முழங்காலை மடக்கி, பக்கவாட்டில், இடுப்புச் சதையில் விழ வேண்டும். விழுந்ததும் விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருகிறவரின் காலணிக்கு அடியிலுள்ள பிளேடு ஏறிவிடும். முதல் நாள் நான் எழுந்ததைவிட விழுந்ததுதான் அதிகம். காலைப் பார்க்காதீர்கள் என்று சொல்லச் சொல்லக் காலையே பார்த்தேன்.

3

அண்ணி விழுந்ததே இல்லை. அரங்கைச் சுற்றி இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி ஓடுகிறது. அதை விட்டால்தானே விழ! அண்ணன் இருந்தபோது ஒரு கை கம்பியில், ஒரு கை அவன் கையில். இப்போது இரண்டு கையும் கம்பியில். நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து ஒரு சுற்று வருவார். கையுறையின் உள்ளங்கை தேய்ந்து நூல் பிரிந்துவிட்டது.

சொல்லிக்கொடுப்பவள் இளம் பெண். வகுப்பில் எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர் விசில். வாயிலிருந்து அதை எடுத்தால், "கைய விடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்பாள். அண்ணி அவளைப் பார்க்காமலே நகர்ந்துவிடுவார்.

பயம் என்று நினைத்துக்கொண்டேன். பயம் என்றால் கதைக்குச் சுலபம், கடைசிப் பகுதியில் அதை ஜெயித்துவிட்டால் போதும்.

4

ஆகவே முடிவை முதலிலேயே எழுதிவிட்டேன்: "எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கடைசியில் அண்ணி கைவிட்டார்."

கணினியைத் திறந்தபடியே வைத்துவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது அண்ணி திரைக்கு முன்னால் நின்றிருந்தார்.

"நான் கைவிட்டேனா தம்பி?"

"அய்யோ அண்ணி, அது 'கை விட்டார்'. நடுவுல ஒரு இடம் விடணும். தட்டும்போது சேந்துடுச்சு."

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நம் மொழியில் கை விடுவதற்கும் கைவிடுவதற்கும் நடுவே இருப்பது ஒரு வெற்றிடம் மட்டுமே. இதைப் பற்றி நல்ல கட்டுரை எழுதலாமே என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. புத்தி போகுமா!]

அண்ணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போறாங்க, அவர் என் கையப் புடிச்சிருக்கார். கதவுகிட்ட வந்ததும் நர்ஸம்மா சொன்னாங்க, 'கைய விடுங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்'னு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவர் விடல தம்பி. நான்தான் விட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி அழவில்லை. திரையில் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5

அதற்குப் பிறகு எழுதிய முடிவுகள்:

நர்ஸ் சொன்னதை அண்ணி கேட்கவில்லை. பிடித்த கையோடு அவரும் கூடவே போகிறார். கதவு திறக்கிறது, உள்ளே... உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அண்ணன் மட்டுமே போன அறை அது.

இன்னொன்று: அண்ணி காலணியைக் கழற்றி மூட்டைகட்டி வைக்கிறார், இனி அரங்கு வேண்டாம் என்கிறார். இதைப் படித்துக் காட்டினேன்.

"அப்ப ஞாயித்துக்கிழமைக்கு நான் எங்க போறது?" என்று கேட்டார்.

அதையும் அழித்துவிட்டேன்.

6

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓரளவு நிற்க வந்துவிட்டது. கம்பியிலிருந்து கொஞ்சம் தள்ளி, அண்ணிக்கு எதிரில் போய் நின்றேன். இரண்டு கையையும் நீட்டினேன். என்ன சொல்வதென்று தெரியாமலே வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி" என்றார் அண்ணி. "விசில்கிட்டயும் சொல்லி வைங்க. யாரோ சொன்னாங்கன்னு ஒரு தடவ விட்டாச்சு. இந்தத் தடவ நானா விடணும். விடலன்னாலும், அதுவும் நானாத்தான்."

நான் கையை மடக்கிக்கொண்டேன்.

"அண்ணி கம்பியை" என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன். இன்னும் ஒரே ஒரு சொல் தட்டினால் போதும், அவரை அரங்கின் நடுவே கொண்டுபோய் நிறுத்திவிடலாம். கைதட்ட ஆளும் வைக்கலாம். ஆனால் அதுவும் யாரோ சொல்லி விடுவதுதானே?

வாசகரே, கதை முடிய வேண்டும் என்று உங்களுக்கு இருக்கும். எனக்கும் இருக்கிறது. கம்பிக்கு வெளியே நிற்க இடம் இருக்கிறது, வாருங்கள். எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது. அண்ணியின் காதில் விழும்படி மட்டும் எதையும் சொல்லிவிடாதீர்கள்.