ரேடியோ அக்காவும் நாரைக் குஞ்சும்

மலைமேல் இருக்கும் அந்தச் சதுப்பு நிலக் காப்பகத்தில் அவளுக்குப் பெயரே ரேடியோ அக்காதான். காலையில் ஆரம்பித்தால் வாய் ஓயாது. அப்படிப்பட்டவளிடம் போய் நாரை முட்டையை ஒப்படைத்தார்களே, அவர்களை என்ன சொல்ல!

மழை வெள்ளம் கூட்டை அடித்துப் போனதில் மிஞ்சிய ஒற்றை முட்டை அது. குஞ்சு பொரித்த பிறகு அதன் எதிரில் யாரும் பேசக்கூடாது. சாம்பல் நிற அங்கியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, நாரைத் தலை மாதிரி தைத்த கையுறையால்தான் இரை ஊட்ட வேண்டும். மனிதக் குரலுக்குப் பழகினால் அது நாரைகளோடு சேராது, ஆயுசுக்கும் கூண்டுதான்.

அக்கா மூன்று மாதம் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. ஆனால் முட்டையாக இருந்தபோது? சூடு காட்டும் பெட்டியருகே உட்கார்ந்து, மகள் சண்டை போட்டுக்கொண்டு வெளியூர் போனதுவரை கொட்டித் தீர்த்திருந்தாள். முட்டைக்குள்ளேயே காது கேட்கும் என்று யார் கண்டது? கால்நடை மருத்துவர் அதைப் பேச்சுவாக்கில் சொன்ன நாளிலிருந்து அவள் தான் பேசியதை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வந்தாள்.

குஞ்சைத் திறந்துவிடும் நாள் வந்தது. கடைசிச் சோதனையாக ஊழியர்கள் புல் மறைவிலிருந்து ஒவ்வொருவராக அதைக் கூப்பிட்டார்கள். யாரிடமாவது வந்தால் கூண்டு. நான்கு பேர் தொண்டை கிழியக் கத்தியும் அது சட்டை செய்யவில்லை.

“போதும், விட்டுடலாம். அக்காதான் வாயே திறக்கலையே,” என்றார் மருத்துவர்.

தப்பித்தோம் என்று இருந்திருக்கலாம். ஆனால், நாளைக்கு ஏதோ ஒரு பொம்பளைக் குரலைக் கேட்டு இது ரோட்டுக்கு ஓடி, வண்டியில் அடிபட்டால்?

“டாக்டர், நான் பேசிட்டேன். முட்டையா இருந்தப்போ.”

“எவ்வளவு?”

“இருபத்தெட்டு நாள்.”

மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “கூப்பிடுங்க.”

“ஏ தங்கம்... நான்தான்டி...” வாய் கூப்பிட்டது, மனசு வந்துடாதே வந்துடாதே என்று கும்பிட்டது.

குஞ்சு கழுத்தைத் தூக்கியது. இந்தப் பக்கம் ஓர் அடி வைத்தது. அக்காவுக்கு உயிரே போய்விட்டது. அங்கே சேற்றில் எதையோ கொத்தி விழுங்கிவிட்டு, பெரிய நாரைகள் மேய்ந்த பக்கம் நடையைக் கட்டியது.

அக்கா அங்கியில் முகத்தைப் புதைத்துத் தேம்பினாள்.

“அதான் போயிடுச்சே அக்கா, இன்னும் ஏன் அழறீங்க?”

“போகணும்னுதான் வேண்டிக்கிட்டேன் டாக்டர். அதுக்காக இப்படியா, யாரோ எவரோன்னு போகும்?”