இடக்கை வெட்டு

கத்தியைக் கெண்டைக்காலில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது என் மடத்தனம். இரண்டு கைக்கும் எட்டுகிற மாதிரி நெஞ்சில்தான் கட்ட வேண்டும் என்று மற்றச் சுழியோடிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான்.

ரப்பர் தோட்டத்து எல்லையில், மாணிக்கக்கல் தோண்டிக் கைவிட்டு, தண்ணீர் நிரம்பிக் கிடந்த குழிக்குள், ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி நல்லையா முந்தாநாள் விழுந்திருந்தார். பால் வெட்டும் கத்தி அவர் இடுப்பிலேயே இருந்ததாம். கலங்கலில் துழாவி உடலைக் கண்டுபிடித்தேன். மேலே இழுக்க நைலான் கயிற்றை அதில் கட்டியதும், அதே கயிறு என் காலையும் சுற்றி இறுக்கியது. குனிய முடியாமல், குழிச் சுவருக்கு முட்டுக்கொடுத்திருந்த பலகைகள் தடுத்தன. கத்தி எட்டவில்லை. சிலிண்டரில் காற்றும் தீர்ந்துகொண்டிருந்தது. திடீரென்று கயிறு அறுந்து கால் விடுபட்டது.

உடலை விட்டுவிட்டுக் கரையேறிப் பார்த்தால், என் கத்தி உறைக்குள்ளேயே இருந்தது.

காலில் தொங்கிய கயிற்று நுனியை நல்லையாவின் மனைவி சுப்பம்மா எடுத்தாள். அவளும் பால் வெட்டுகிறவள். சாய்ந்த வெட்டை விரலால் தடவினாள்.

"இடக்கை வெட்டுங்க. இந்த டிவிஷன்ல இடக்கையால வெட்டுறது அவரு ஒருத்தர்தான்."

உடலை எடுக்க மறுபடி இறங்குவதற்காக, நான் கத்தியை அவிழ்த்து நெஞ்சில் கட்டத் தொடங்கினேன்.

"வேணாங்க," என்றாள். "உங்கள அனுப்பிட்டாரு. அவரு வரமாட்டாராம்."