ரெயின்கோட்டில் வந்த எலுமிச்சம்பழம்

பைக்கில் ஒரு பெட்டி மாட்டச் சொன்னால் என் கணவர் தியோடருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "வண்டியோட அழகே போயிடும், யூனிஸ்!" கடைக்குப் பையும் எடுத்துப்போக மாட்டார். முட்டை என் ஹெல்மெட்டுக்குள் வரும். கறிவேப்பிலை கண்ணாடிக் கம்பியில் தொங்கிக்கொண்டு வரும்.

நேற்று ஊறுகாய்க்காக சிவாஜிநகரில் மூன்று கிலோ எலுமிச்சம்பழம் வாங்கியவர், ரெயின்கோட்டின் இரண்டு கைகளையும் நுனியில் முடிந்து, பழங்களை உள்ளே நிரப்பி, பெட்ரோல் டேங்க்கின் இரு பக்கமும் தொங்கவிட்டிருக்கிறார். பாதி வழியில் மழை கொட்டித் தீர்த்துவிட்டது.

தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றார். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் ரெயின்கோட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார்:

"பாரு, ஒரு பழம்கூட நனையல!"