கண்மாய் வண்டல்

"மாமா, மண்ணுக்குப் பசிக்குமா?" என்று கீர்த்தி ஒருநாள் கேட்டாள். அடுத்த வீட்டுப் பிள்ளை, ஏழு வயசு. மானகிரியில் உபகாரசாமி கட்டிக்கொண்டிருந்த புதுவீட்டுக் கொல்லையில், தோட்டத்துக்கென்று கண்மாய் வண்டலைக் கொட்டிவிட்டு டிராக்டர் அப்போதுதான் போயிருந்தது.

"பசிக்கும் பாப்பா. என்னத்தக் குடுத்தாலும் தின்னுரும்" என்று சிரித்தார் அவர்.

அந்த ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தது. ஆட்டுக்குட்டியைத் தேடிப்போன கீர்த்தி ஓரமாய்த்தான் தண்ணீரில் இறங்கினாள். அடியில் வண்டல் எடுத்த குழி இருந்தது. பிள்ளை திரும்பவில்லை. சாமி கூப்பிட்டுக்கொண்டது என்று ஊர் பேசி ஆற்றிக்கொண்டது.

அது யார் தோண்டவைத்த குழி என்று உபகாரசாமிக்குத் தெரியும். முழங்கால் ஆழத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. எல்லாரும் அதற்குள் நிறுத்தினார்கள். அடியில் கிடக்கிற கறுப்பு மண்ணுக்கு ஆசைப்பட்டு, இன்னும் ஆழமாய் அள்ளும்படி பொக்லைன்காரரிடம் சொன்னவர் அவர். குழியின் ஓரம் சுவர்போல் நின்றது. மழையே சரித்து மூடிவிடும் என்று நினைத்தார்.

இப்போது பங்குனி. பங்குச்சாமியார் வந்து வீட்டை மந்திரித்து, குடிவந்தாயிற்று. மனைவி இன்பமேரி, தங்கச்சி பேறுகாலத்துக்குச் சிங்கம்புணரி போகையில், வருவதற்குள் பாத்தி கட்டி வைக்கச் சொல்லிப் போனாள்.

செம்மண்ணைக் கொத்தி, வண்டலைப் பரப்பி, தண்ணீர் தெளித்து மட்டம் பண்ணுவார். காலையில் பார்த்தால் பாத்தியில் சின்னச் சின்னப் பள்ளங்கள், பிஞ்சுக் குதிகால் அளவுக்கு. பூனையாயிருக்கும் என்று சொல்லிக்கொண்டு மறுபடி மட்டம் பண்ணுவார். மறுநாளும் இருக்கும். சோப்புப் போட்டாலும் வண்டல் வாசம் கையைவிட்டுப் போகவில்லை. சாப்பாட்டுக்கு முன் சிலுவை வரைய எடுத்த கை நெற்றிக்குப் போகாமல் நின்றது.

ஒருநாள் கீர்த்தியின் அம்மா சத்தியப்பிரியா வேலியோரம் வந்தாள். கொட்டாங்குச்சிகளில் கத்திரி நாற்று.

"எங்க கொல்லையில நெழலுண்ணே. உங்க பாத்தியில வைங்க."

அவர் கை நீட்டவில்லை.

"நாத்து வாங்கவும் நல்ல நேரம் பாப்பீகளோ?" என்றவள், குரலை இறக்கினாள். "நான் கண்மாய்ப் பக்கமே போறதில்ல. காஞ்ச குழிக்குள்ள பிள்ளைக எறங்கி வெளையாடுதுகளாம். மழை வந்தப்புறமும் அங்குட்டுத்தான் போகுங்கண்ணே."

நாற்றை மண்ணில் வைத்துவிட்டுப் போனாள்.

சொல்லிவிடலாம் என்று அவருக்கு வாய்வரை வந்தது. சொன்னால் தன் நெஞ்சுப் பாரம் இறங்கும். இறங்கி அவள் நெஞ்சில் ஏறும். மண்வெட்டியை எடுத்தார்.

பாத்தியில் பரப்பியதையும் குவியலில் மிஞ்சியதையும் வழித்துச் சாக்கில் கட்டினார். உச்சிவெயிலில், தெருவில் ஆள் தலை தெரியாத நேரம் பார்த்து, மொபட்டில் கண்மாய்க்குக் கொண்டுபோனார். பல நாள் அப்படிப் போனார். நாற்றுகளை வெறும் செம்மண்ணிலேயே சாணியும் சருகும் கலந்து நட்டார்.

குழியை மூட அந்த மண் போதவில்லை. செங்குத்துக் கரையைக் கொத்திச் சரித்து, கொண்டுவந்த வண்டலை அடியில் அணைத்து மிதித்து, எல்லாப் பக்கமும் சரிவாக்கினார்.

வேலை முடிந்தது என்று தோன்றிய மதியம், குழிக்குள் இறங்கினார். சுற்றிலும் கருவேல மரங்கள்தான். உடம்பைக் குறுக்கி, சின்னப் பிள்ளையின் கால் எட்டுமளவு மட்டும் அடி எடுத்துவைத்து ஏறிப் பார்த்தார். ஓரிடத்தில் வழுக்கியது. திரும்ப இறங்கி அந்த இடத்தைக் கொத்தினார்.