அறுபதுக்கு மேல வராது

"நாலாவது கியர்ல போட்டு அழுத்துறேன், முள்ளு அறுபதைத் தாண்டல" என்று காசி யாரிடமோ சொல்லத் தொடங்கியபோது, சந்திரகலா அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு நழுவியது. மறுபடி கட்டினாள்.

வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே தோல் காய்த்துக் கறுத்திருந்தது. அவள் அப்பா அப்பாதுரை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டி ஓட்டுவார். ஆக்சிலேட்டர் என்ன சொல்கிறது என்று செருப்புக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். சந்திரகலா அந்தக் காய்ப்பின் மேல் துணியை இழுத்து மூடினாள்.

வெளியே பந்தல் நிழலில் காசி அதே கதையை நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ சொல்லிக்கொண்டிருந்தான். புதிதாக யார் மாலையோடு வந்தாலும் அவனிடம்தான் கேட்டார்கள். அப்பாவை ஏற்றிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவன் அவன்தான்.

"என் பியட்டு எஞ்சின் இறக்கிக் கெடக்குது ஜியாவுல்லா பாய் பட்டறைல. இல்லன்னா அதுலயே போட்டுக்கினு பறந்திருப்பேன். இவர் வண்டி இழுக்கவே மாட்டேன்னுடுச்சு. போளூர் தாண்டினோம், அவ்ளோதான்."

"எப்பேர்ப்பட்ட வண்டிய்யா அது" என்றார் டாக்சி ஸ்டாண்டிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். "ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்க, மீனம்பாக்கத்துல இவர் வண்டியில ஏறுனா செங்கல்பட்டு வர்றதுக்குள்ளயே கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பிச்சுடுவாங்க. ஆசிரமத்துல உக்காந்து கத்துக்கறதுக்கு ஒண்ணும் பாக்கி இருக்காது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இன்னொருவர் அந்தச் சிரிப்பின் தொடர்ச்சியாகவே, "கடைசி ஒரு வருசம் என்னாச்சோ. மாட்டு வண்டிக்காரன் பக்கத்துலயே வந்து பீடிக்கு நெருப்புக் கேட்டான்னு நாமளே இவரைக் கிண்டல் பண்ணிக்கினு இருந்தோம்" என்றார். பிறகு தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கிண்டலை அப்பா அவளிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார். அவளும் கூடச் சிரித்தாள்.

வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. அறுபத்தெட்டாம் மாடல் அம்பாசிடர். ஸ்டாண்டில் எல்லோரும் செலவு கம்மி என்று பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசலுக்கு மாறியபோதும் அப்பாதுரை மாறவில்லை. டீசல் பாரம் இழுக்கிற மாடு, பெட்ரோல்தான் ஓடுகிற குதிரை என்பது அவர் கட்சி. வண்டியின் பின்கதவு இன்னும் திறந்தே கிடந்தது. இருக்கையில் அவர் மேல் போர்த்தியிருந்த துண்டு அப்படியே இருந்தது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

போன கார்த்திகையில், தீபக் கூட்டம் கலைந்த மறுநாள், அப்பா அவளையும் அவள் மகளையும் கீழ்பென்னாத்தூரில் கொண்டுவிடப் புறப்பட்டார். பேத்தி முன் இருக்கையில் நின்றுகொண்டு, "இன்னும் வேகமா தாத்தா" என்றாள். முன்னால் ஒரு பஸ், எதிரே மல்லாட்டை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி. இரண்டுக்கும் நடுவே அப்பா புகுந்து வெளியே வந்தார். வண்டி மாட்டின் கொம்பு கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. பேத்தி கைதட்டினாள். அந்த வண்டி வருவதை அவர் கடைசி நொடியில்தான் பார்த்தார் என்பது சந்திரகலாவுக்குப் புரிந்திருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லி அம்மா கஸ்தூரி இரண்டு வருடங்களாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "கண்ணாடி போட்ட டிரைவர் வண்டியில எவன்டி ஏறுவான்" என்பார்.

அந்த வாரமே சந்திரகலா தனியாகப் பஸ் ஏறி வந்து ஜியாவுல்லாவின் பட்டறைக்குப் போனாள். அப்பாவின் வண்டியை முதல் நாளிலிருந்து பார்ப்பவர் அவர்தான். அப்பா அவரைத் தம்பி என்பார், அவள் அண்ணே என்பாள்.

"சொன்னா கேக்க மாட்டாரும்மா" என்று யோசித்தார் ஜியாவுல்லா. "சொல்லாமத்தான் ஒண்ணு செய்யணும்."

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு. நடுவில் இருக்க வேண்டியதைவிடச் சின்ன ஓட்டை. வாடகைக்கு வண்டி விடுகிற முதலாளிகள் சிலர் டிரைவர்களுக்குத் தெரியாமல் செய்கிற வேலை அது. மெதுவாகப் போகும்வரை வித்தியாசம் தெரியாது. அழுத்தினால் எஞ்சினுக்கு மூச்சு போதாது. அறுபதுக்கு மேல் போகாது. வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியாது.

அதற்குப் பிறகு அப்பா கோளாறு தேடத் தொடங்கினார். பிளக்கை மாற்றினார். பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தார். பட்டறைக்குப் போய் ஜியாவுல்லாவின் எதிரில் நின்று, "தம்பி, எங்கியோ அடைக்குது, நல்லாப் பாரு" என்றார். ஜியாவுல்லா பார்ப்பதுபோல் பார்த்து, எஞ்சினுக்கு வயசாயிடுச்சுண்ணே என்பார். தாங்க முடியாமல் பொங்கலன்று அவளிடம் கேட்டார், "எடுத்துடட்டுமாம்மா?"

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்ண்ணே" என்றாள். அந்த ஒரு மாதமாகத்தான் அவள் இரவுகளில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தை மாதக் கடைசியில் ஒருநாள் அப்பா சவாரி முடிந்து வரும் வழியில் கீழ்பென்னாத்தூருக்கு வந்தார். சேத்துப்பட்டுப் பக்கம் ஏதோ கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிப் போய், அங்கேயே இரண்டு நாள் காத்துக் கிடந்துவிட்டு வந்திருந்தார். பேத்திக்கு மஞ்சள் பையில் லட்டு. கையில் கிரீஸ் கறை. மோர் கொடுத்தாள், குடித்தார். புறப்படும்போது, "நல்லாத் தூங்குறியாம்மா?" என்று கேட்டார்.

"இப்பல்லாம் நல்லாத் தூங்குறேம்பா."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே பானெட்டின் மேல் சாய்ந்தார். பெரியாஸ்பத்திரியில் நாடி பார்த்த டாக்டர் உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். காசி ஓட்டினான். பின்னால் அப்பாவின் தலை அவள் மடியில் இருந்தது. கலசபாக்கம் தாண்டியதும் சாலை நேராக, காலியாகக் கிடந்தது. காசி மிதித்தான். எஞ்சின் இருமியது.

"இன்னாக்கா வண்டி இது! மிதிக்க மிதிக்க மூச்சு வாங்குது!"

ஏன் என்று அவளுக்குத் தெரியும். வண்டியை நிறுத்தி அதை எடுக்க முடியுமா, எதைக் கொண்டு கழற்றுவது என்றெல்லாம் அவள் மனம் அலைந்தது. அப்போது அப்பா கண்ணைத் திறந்தார்.

"காசி... மிதிக்காதடா. அறுபதுக்கு மேல வராது. எஞ்சினுக்கு வயசாயிடுச்சு. அதும் போக்குல விடு."

அவர் கை அவள் கையைத் தேடிப் பிடித்து இரண்டு தடவை தட்டியது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. தன் எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்று நம்பிக்கொண்டே போய்விட்டார் என்பதுதான் திரும்பி வருகிற வழி முழுக்க அவளுக்குத் திரும்பத் திரும்பத் தோன்றிக்கொண்டிருந்தது.

ஜியாவுல்லா மதியத்துக்கு மேல் வந்தார். மாலையை வைத்துவிட்டுக் காலைத் தொட்டு நின்றார். திரும்பும்போது இருவர் கண்களும் சந்தித்தன. இருவருமே உடனே விலக்கிக்கொண்டார்கள். வாசலில் சித்தப்பா ஆதிமூலம் அவரை மறித்தார்.

"வா பாய், இப்ப வர்றியா? உன் பட்டறைக்கு நடந்து நடந்து தேஞ்சு போனான் எங்கண்ணன். ஒரு கோளாறு கண்டுபிடிக்கத் துப்பில்ல. வண்டி மட்டும் பழைய மாதிரி ஓடியிருந்தா இன்னேரம் வேலூர்ல உக்காந்து இட்லி துன்னுக்கினு இருப்பான். நீயெல்லாம் இன்னா மெக்கானிக்கு?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஜியாவுல்லா தலையைக் குனிந்துகொண்டார்.

"என் தப்புதாங்க."

சந்திரகலா எழுந்தாள். சரியாக அந்த நேரத்தில் பறை அதிரத் தொடங்கியது. மேளம் ஓயட்டும், சொல்லிவிடலாம் என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓய்ந்தபோது பேச்சு நெய்ப்பந்தத்துக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் போயிருந்தது. அவள் மறுபடி அப்பாவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் மேளம் அடித்திருக்கலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

வெயில் தாழ்ந்ததும் எடுத்தார்கள். பிள்ளை இல்லாததால் ஆதிமூலம் கொள்ளிச்சட்டியைத் தூக்கினார். தெருமுனைவரை போய் அழுதுவிட்டுப் பெண்கள் திரும்பினார்கள். வீடு கழுவிவிட்டார்கள். சந்திரகலா தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தலையோடு வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் பானெட் திறந்திருந்தது. ஜியாவுல்லா குனிந்துகொண்டிருந்தார்.

"காடு வரைக்கும் போயிட்டு உடனே திரும்பிட்டேன்" என்றார் நிமிராமல். "அது உள்ள இருக்கறது எனக்கு முள்ளாக் குத்துதும்மா."

அவள் அருகில் போய் நின்றாள். அவர் நட்டுகளைக் கழற்றி, கார்புரேட்டரை அசைத்துத் தூக்கினார். பெட்ரோல் வாசம் வந்தது. கீழே தகடு இருந்தது. கையை விட்டவர் அப்படியே நிறுத்தினார்.

"என்னண்ணே?"

அவர் தகட்டை வெளியே எடுத்தார். அதன் மேலும் கீழும் ஒட்டியிருந்த அட்டையைத் தடவிப் பார்த்தார். ஓட்டையைச் சுற்றிப் பிளேடால் பொறுமையாக வெட்டிய அட்டை.

"இது என் பேக்கிங் இல்லம்மா."

"அப்படின்னா?"

"நான் வெச்சது எண்ணெய்க் காயிதம். இது கல்யாணப் பத்திரிகை அட்டை." அவர் குரல் இறங்கியது. "வேற யாரோ தொறந்திருக்காங்க. தகட்டைப் பாத்திருக்காங்க. தூக்கிப் போடல. கரியெல்லாம் தொடச்சு, புதுசா பேக்கிங் வெட்டி, திரும்ப அதே எடத்துல வெச்சு முடுக்கியிருக்காங்க."

வேறு யார் என்று அவள் கேட்கவில்லை.

ஒரு அட்டையைப் பிரித்து அவளிடம் நீட்டினார். மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்து. ஓட்டை விழுந்தது போக, "...சப்பன் - எல்லம்மாள்" என்பதும், அதன் கீழே "தை" என்பதும், ஒரு முகூர்த்த நேரமும் மிச்சமிருந்தன. இருசப்பன் - எல்லம்மாள் இல்லத் திருமணம். அந்த லட்டு வந்த மஞ்சள் பையிலும் அதேதான் அச்சடித்திருந்தது. அவள் இப்போதும் அதில்தான் காய்கறி வாங்கப் போகிறாள்.

"தைக்கு அப்புறம் அண்ணன் கோளாறுன்னு பட்டறைப் பக்கமே வரல" என்றார் ஜியாவுல்லா. "நானும் விட்டுட்டார்னு சந்தோசப்பட்டேன். வருவாரு, டீ குடிப்பாரு, ஊர்க்கதை பேசுவாரு. ஒரு நாள் போறப்ப என் தோளைத் தட்டிட்டுப் போனாரு. எதுக்குன்னு தெரியல அப்போ."

சந்திரகலா அட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டாள். காலையில் அப்பா தட்டியதும் அந்தக் கையைத்தான்.

ஜியாவுல்லா தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புதுத் தாளை வைத்து கார்புரேட்டரைப் பூட்டி முடிப்பதற்குள் ஆண்கள் காட்டிலிருந்து திரும்பிவிட்டார்கள். ஆதிமூலம் ஈர வேட்டியோடு நேரே வண்டிக்கு வந்தார்.

"என்ன பாய், செத்ததுக்கு அப்புறம் வைத்தியமா? ஏதாவது கண்டுபிடிச்சியா?"

"சித்தப்பா..." என்றாள் சந்திரகலா.

"ஒரு அடைப்பு இருந்துச்சுங்க" என்றார் ஜியாவுல்லா. "எடுத்துட்டேன்."

"முன்னாடியே எடுத்திருக்கலாமே."

ஜியாவுல்லா பானெட்டை இறக்கி மூடினார். ஆதிமூலம் கால் கழுவக் குடத்தடிக்குப் போனார்.

வெளியூர்க்காரர்களுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. காசி அவர்களை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. அவன் லேசாக மிதித்துப் பார்த்தான். எஞ்சின் தடையில்லாமல் முழுக்குரலில் எழுந்தது. காசி திகைத்து ஜியாவுல்லாவைப் பார்த்தான். பிறகு கியரைப் போட்டான். வேப்பஞ்சருகுகள் சக்கரத்தில் நொறுங்க, வண்டி திரும்பித் தெருவை ஒரே இழுப்பில் கடந்து போளூர்ச் சாலையில் ஏறியது. அந்தச் சத்தம் தெருவில் கேட்டுப் பத்து மாதம் ஆகியிருந்தது.

உள்ளே சுவரோரம் படுத்திருந்த கஸ்தூரி தலையைத் தூக்கினாள்.

"கலா, மெதுவாப் போகச் சொல்லுடி அவரை" என்றாள்.

பிறகு அவளாகவே படுத்துக்கொண்டாள்.

சந்திரகலா வாசலிலேயே நின்றாள். புழுதி அடங்கிய பிறகு கையை விரித்துப் பார்த்தாள். பெட்ரோலில் ஊறிய அட்டை நைந்து போயிருந்தது. உள்ளங்கையில் யாருடைய கல்யாணத்துக்கோ குறித்த முகூர்த்த நேரம் சிவப்பாக, இடவலம் மாறி ஒட்டியிருந்தது.