பாஸ்கர் எடுத்து வந்த கோழி

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு டிரைவர் வீட்டில் இருப்பதைப் போலக் கொடுமை காசிமேட்டில் வேறில்லை. அவனுக்குக் கொடுமை, அவன் பெண்டாட்டிக்கு அதைவிடக் கொடுமை. பாஸ்கர் காலையில் எழுந்து போய்ப் படகைப் பார்ப்பான். அது கட்டிய இடத்திலேயேதான் நிற்கும். திரும்பி வந்து கோவிந்தம்மா வைத்த குழம்பில் குற்றம் கண்டுபிடிப்பான். வேலையில்லாதவன் பூனையைப் பிடித்துச் சிரைத்தானாம் என்பார்கள். பாஸ்கருக்குப் பூனை கிடைக்கவில்லை, கோழி கிடைத்தது.

கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டி வைத்த பாறைகளுக்கு நடுவே, கிழிந்த வலைத்துண்டில் சிக்கிக் கிடந்தது அது. செவலை நிறப் பெட்டைக் கோழி. கால் இரண்டையும் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கறிக்கடைக்குப் போகிற வண்டியிலிருந்து விழுந்திருக்கும், அலை இழுத்து வந்து போட்டிருக்கும் என்று நினைத்தான். செத்துவிட்டது என்று தாண்டிப் போகப் பார்த்தவனை அது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. எத்தனையோ ஆயிரம் மீன் அவன் காலடியில் துடித்துச் செத்திருக்கின்றன, ஒருநாளும் அவன் மனசு அசைந்ததில்லை. இந்தக் கோழிக்கு அசைந்தது. ஏனென்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது.

லுங்கியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

“இன்னாயா இது கலீஜு? செத்த கோழிய எடுத்துகினு வூட்டுக்குள்ள வர்ற?” என்றாள் கோவிந்தம்மா.

“சாவல மே. மூச்சு கீது பாரு.”

“கீதுல்ல? கொழம்புக்கு ஆவும், வை.”

பாஸ்கர் முறைத்த முறைப்பில் அவள் அடுத்த பேச்சை விழுங்கிக்கொண்டாள்.

தலையைத் தாழ்த்திப் பிடித்து அது குடித்த உப்புத் தண்ணீரை வெளியே விட்டான். நல்ல தண்ணீரில் கழுவி, பழைய துண்டால் ஒவ்வொரு இறக்கையாகத் துடைத்தான். கோவிந்தம்மா மீன் விற்கிற கூடையை அவளைக் கேட்காமலே எடுத்து, அதில் சாக்கை மடித்துப் போட்டு, அடுப்புச் சூடு படுகிற மூலையில் வைத்தான். கழுத்து நிற்கவில்லை. தொங்கித் தொங்கி விழுந்தது. மருந்துக்கடையில் ஒரு ஃபில்லர் வாங்கிவந்து, சர்க்கரையும் உப்பும் கரைத்த தண்ணீரை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டான். 

மறுநாள் கோழி வெள்ளையாகக் கழிந்தது. கோவிந்தம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வாயில் வசவும் கையில் மருந்துமாக நிற்கிற ஜாதி அவள். சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சளோடு கீழாநெல்லியை வைத்து அரைத்து, உருட்டிக் கொடுத்தாள்.

“கீழாநெல்லி எங்க கெடச்சுது?” என்றான் பாஸ்கர்.

“ஒன் தம்பிக்குன்னு பறிச்சாந்தாங்க. அதுலதான் ஒரு பிடி வாங்கியாந்தேன்.”

பாஸ்கர் உருண்டையைக் கோழியின் வாய்க்குள் தள்ளுவதிலேயே கவனமாக இருப்பதுபோல் இருந்தான்.

தம்பி திலீப் இரண்டு சந்து தள்ளித்தான் இருக்கிறான். மஞ்சள்காமாலை முற்றி, ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு வந்தும் சோறு இறங்காமல் படுத்திருக்கிறான். பாஸ்கர் போய்ப் பார்க்கவில்லை. காரணம் ஒரு பேனர். பாஸ்கர் தன் மகள் கல்யாணத்துக்குத் தெருமுனையில் வைத்த பேனரில் மாமன் மச்சான் படம் இருந்தது, படகுக்காரர் படம் இருந்தது, மாப்பிள்ளையின் தோஸ்துகள் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். சொந்தச் சித்தப்பன் படம் இல்லை. பேனர் அடித்த கடைக்காரன் விட்டுவிட்டான். பாஸ்கருக்கு முதல்நாளே தெரியும். ‘நம்ம திலீப்புதானே, சொன்னா புரிஞ்சிக்குவான்’ என்று விட்டுவிட்டான், சொல்லவும் இல்லை. திலீப் பேனருக்குக் கீழே நின்று மேலே பார்த்தான். பந்தியில் உட்காராமல் வீட்டுக்குப் போனான். ஒரு வார்த்தையில் முடிகிற காரியம். அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு பேருக்கும் நாக்கு புரளாமல் வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் மீன் ஏலம் போகிற இடத்தில் யாராவது திலீப் பேச்சை எடுத்தால் பாஸ்கர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்.

கோழி தேறியது. முதலில் கழுத்து நின்றது. பிறகு கால் ஊன்றியது, சாய்ந்து விழுந்தது, மறுபடி ஊன்றியது. ஒருநாள் காலையில் பாஸ்கர் உள்ளங்கையில் வைத்திருந்த நொய்யைத் தானாகவே கொத்தியது. அவன் அசையாமல் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். அலகு குத்தி வலித்தது. அவனுக்கு அழுகை வந்தது. கோவிந்தம்மா பார்த்துவிடப் போகிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் பார்த்துவிட்டாள், பார்க்காத மாதிரி பாத்திரம் தேய்த்தாள்.

அன்றைக்குத்தான் பூவம்மா வந்தாள். மீனும் விற்பாள், வீட்டில் கோழியும் வளர்ப்பாள். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இது எங்கூட்டு செவலையாச்சே. இங்க எப்டி வந்துச்சு? கீர்த்தி வாங்கிகினு போச்சே.”

கீர்த்தி திலீப்பின் மனைவி. “எதுக்கு வாங்குச்சு?” என்றான் பாஸ்கர்.

பூவம்மா குரலைத் தாழ்த்தினாள். “கழிப்பு கழிக்க.”

கோவிந்தம்மாவின் கையிலிருந்த பாத்திரம் நழுவியது. தீராத நோயாளியின் தலையைக் கோழியால் சுற்றி, மஞ்சள் குங்குமம் பூசி, கால் கட்டிக் கடலோரத்தில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். கோழியோடு நோயும் போய்விடும். அந்தக் கோழியை ஒருத்தரும் தொடமாட்டார்கள். தொட்டால் தொட்டவன் தலையில் ஏறும். அதைவிட மோசம், கழித்தது அதே ரத்தத்து வீட்டுக்குத் திரும்பி வருவது. மஞ்சளையும் குங்குமத்தையும் அலை கழுவிவிட்டது. கீர்த்தியோ திரும்பிப் பார்க்காமல் போனாள். பாஸ்கருக்கு எப்படித் தெரியும்?

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. தம்பி மேலிருந்த காண்டில் வேண்டுமென்றே எடுத்துவந்து தீனி போட்டு வளர்க்கிறான் என்று மத்தியானத்துக்குள் சந்தெல்லாம் பேச்சு. சாயங்காலம் கீர்த்தியே வந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது. செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள்.

“மாமா, கோவம் இருந்தா என்னத் திட்டிட்டுப் போங்க. அவரு உசுரோட ஏன் வெளாடறீங்க? கழிப்பு கழிச்சப்பறம் ரெண்டு வாய் கஞ்சி வயித்துல நின்னுச்சு. இன்னிக்கி மறுபடியும் எல்லாத்தையும் வாந்தி எடுத்துட்டாரு. அந்தக் கோழி ஒங்க வூட்டுல தீனி துன்னுகினு கீது, அவரு அங்க ஒண்ணுமே துன்னாம கெடக்குறாரு.”

“தெரியாதும்மா” என்றான் பாஸ்கர். அவள் நம்பவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

“கொண்டும்போயி எடுத்த எடத்துலயே வுட்டுடுயா” என்றாள் கோவிந்தம்மா. சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

பாஸ்கர் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்கிற ஆளில்லை. பூசணிக்காய் உடைக்காமல் படகை எடுத்ததில்லை. தம்பி செத்துவிடுவானோ என்று பயந்தான். கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாறைக்குப் போனான். அலை பெரிதாக இருந்தது. கோழிக்கு அந்தச் சத்தம் தெரியும். உடம்பெல்லாம் நடுங்க, அவன் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. அதன் நெஞ்சு அடிப்பது அவன் விலாவில் தெரிந்தது. இதையும் சாகவிட்டு தம்பியையும் பார்க்காமல் இருந்தால் நான் என்ன மனுஷன் என்று தோன்றியது. திரும்பி நடந்தான். கால்கள் தன் வீட்டுச் சந்தில் திரும்பவில்லை.

திலீப் கட்டிலில் சுவரோடு சுவராகக் கிடந்தான். கண் மஞ்சளாக இருந்தது. இத்தனை இளைத்திருப்பான் என்று பாஸ்கர் நினைக்கவில்லை. கோழியைப் பார்த்ததும் கீர்த்தி பதறி எழுந்து வழி மறித்தாள்.

“இரும்மா. சொல்லிட்டுப் போயிடறேன்” என்றான் பாஸ்கர். தம்பியைப் பார்த்துச் சொன்னான். “நான் தெரிஞ்சிதான்டா எடுத்தேன். ஒனக்குச் சுத்தி வுட்ட கோழின்னு தெரிஞ்சிதான் எடுத்தேன். எடுத்தவன் தலைலதான ஏறும்? ஏறட்டும். நான் கல்லாட்டம் கீறேன், எனக்கு ஒண்ணும் ஆவாது. நீ நிம்மதியாக் கஞ்சி குடி.”

திலீப் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். அது பொய் என்று அவனுக்குத் தெரிந்தது. பாஸ்கருக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் காது சிவந்துவிடும். திலீப் மெதுவாகக் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். இரண்டு கையையும் நீட்டினான்.

“குடு அத.”

“எதுக்கு?”

“எனக்குச் சுத்துனது. என்னான்டயே இருக்கட்டும். உன் பொண்ணு மாசமா கீது. இந்த நேரத்துல ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இன்னாண்ணா பண்றது?”

இவனும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். 

“பேனர்ல ஒன்ன வுட்டது தப்புதான்டா.”

“அத யாரு இப்போ கேட்டா? கோழியக் குடு.”

“குடுக்கமாட்டேன்.”

“குடுண்ணா.”

ஒரு பக்கம் இவன் பிடித்தான், ஒரு பக்கம் அவன் பிடித்தான். கோழி நடுவில் கிடந்து கத்தியது. கோழியை வாங்கிப்போய்க் கடலில் விட வேண்டும் என்றிருந்த கீர்த்தி, இரண்டு ஆம்பளைகள் ஒரு நோய்க்காக அடித்துக்கொள்வதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய், இரண்டு கிண்ணத்தில் கஞ்சியும் கோழிக்குக் கொட்டாங்குச்சியில் தண்ணீரும் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தாள்.