உள்ளே வைத்துத் தைத்த துணி

ரவிக்கையில் ஒரு தையல் பிரிந்தால் போதும், பொழுது சாய்வதற்குள் வசந்தாவின் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். கை பிடிக்கிறது, கழுத்து இறங்கிவிட்டது, சொன்ன மாதிரி பைப்பிங் வைக்கவில்லை என்று மாடிப்படியெல்லாம் கேட்கிற குரலில் சண்டை நடக்கும். கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து தைக்கிறவளுக்கு அதெல்லாம் பழகிப்போயிருந்தது. ஆனால் அவள் தைத்துக் கொடுத்த துணி நாப்கின்கள் கசியத் தொடங்கியபோது ஒருத்திகூடச் சண்டைக்கு வரவில்லை. யாரும் வரவில்லையே என்று அவளுக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. பிற்பாடு அந்த நிம்மதியை நினைக்கும்போதெல்லாம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

கணவர் கன்னியப்பனுக்குத் தொழிற்சாலையில் வேலை. வசந்தா ஹால் ஜன்னலோரம் மெஷின் போட்டிருந்தாள். கடை நாப்கின் வைத்து வைத்துத் தொடையிடுக்கு வெந்துபோய், காலை அகட்டி வைத்து நடக்க வேண்டிய நிலைமை வந்தபோதுதான், அம்பத்தூரில் ஒரு மகளிர் குழு நடத்திய பயிற்சிக்குப் போய்த் துணி நாப்கின் தைக்கக் கற்றுக்கொண்டாள். மேலே மெல்லிய பருத்தி, நடுவில் ஈரம் உறிஞ்சும் தடித்த துணி, அடியில் கசியாமலிருக்கப் பூச்சுக் கொடுத்த துணி, இரண்டு பக்கமும் இறக்கை, அழுத்தி மாட்ட டிச் பட்டன். முதலில் தனக்குத் தைத்து வைத்துப் பார்த்தாள். புண் ஆறியது. அந்தச் சந்தோஷம் தாங்காமல்தான் மற்றவர்களிடம் சொல்லத் தொடங்கினாள்.

"குப்பைத்தொட்டியிலிருந்து நாய் இழுத்துக்கிட்டுப் போற அசிங்கம் இல்ல. எரிச்சு ஊரையே நாறடிக்க வேணாம். பச்சத்தண்ணியில அலசி வெயில்ல போட்டா வருஷக்கணக்கா வரும்" என்பாள். தன்னுடையதை மறைவில் போடாமல், பால்கனிக் கொடியிலேயே எல்லோரும் பார்க்கக் காயப்போடுவாள். அதனாலேயே அவள் பேச்சை நம்பினார்கள்.

அந்த வருடம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பூச்சுத் துணி திருப்பூரிலிருந்து பார்சலில் வர வேண்டும், வரவில்லை. கொரட்டூர் ஃபிளாட் ஒன்றிலிருந்து தீபிகா என்கிற ஐ.டி. பெண் தன் தோழிகளுக்கும் சேர்த்துக் கேட்டிருந்தாள். குவார்ட்டர்ஸிலும் தீபாவளிக்கு முன்னால் தருவதாக வசந்தா பலரிடம் சொல்லியிருந்தாள். வசந்தா பூந்தமல்லி கடைத்தெருவுக்குப் போய், மழைக்கோட்டுக்கும் மேஜை விரிப்புக்கும் வாங்குகிற துணியைத் தடவிப் பார்த்தாள். தொட்டால் அதே மாதிரிதான் இருந்தது.

"தண்ணி தாங்கும்மா. ஆனா அடிச்சித் தொவைக்கிற துணி இல்ல இது" என்று கடைக்காரர் சொன்னார்.

அது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. இருந்தும் வாங்கிவந்தாள். உள்ளே வைத்து நாலு பக்கமும் தைத்து மூடிவிட்டால் எந்தத் துணி என்று யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்? தைத்து முடித்ததும் தனக்கென்று அதில் ஒன்றுகூட அவள் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. பழையதே போதும் என்று இருந்துவிட்டாள். ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை யோசிக்காமலிருக்க அடுத்த ரவிக்கையை எடுத்து வெட்டத் தொடங்கினாள்.

எதிர் பிளாக்கில் இருந்தவள் ஜெபா. தெற்கே நாசரேத்துப் பக்கத்துப் பெண். அவள் கணவருக்கும் அதே தொழிற்சாலைதான். வசந்தாவை அக்கா என்று கூப்பிட்டு நீ வா போ என்று பேசுகிற அளவுக்கு நெருக்கம். தேவாலயத்தில் சபைப் பாடகர் குழுவில் பாடுவாள். டிசம்பர் பிறந்ததும் வந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, ஒரு மதிய நேரம், வசந்தா தனியாக இருக்கும்போது வந்தாள். வழக்கம்போல உள்ளே வந்து தரையில் உட்காராமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நீ தந்ததை நான் சரியா அலசலையோ?"

"ஏன், என்ன ஆச்சு?"

ஜெபா வசந்தாவின் முகத்தைப் பார்க்காமல், கதவுத் தாழ்ப்பாளை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு குழுவோடு முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். பின்னாலிருந்த ஒரு பெண் திடீரென்று தன் துப்பட்டாவை இவள் இடுப்பில் சுற்றி, பாட்டு முடியும் முன்னே கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போயிருக்கிறாள். கதவருகே திரும்பிப் பார்த்தபோது, இவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் போதகரின் மனைவி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆண்கள் பக்கம் அத்தனை பேரும் தலையை நிமிர்த்தாமல் பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலக்கா. அதான் என்னால தாங்க முடியல."

துவைக்கத் துவைக்கப் பூச்சு உரிந்திருக்கிறது. கேட்ட கணமே வசந்தாவுக்கு விளங்கிவிட்டது. துணிதான் சரியில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"வெந்நீர்ல போட்டியா?"

"இல்லக்கா. நீ சொன்ன மாதிரி பச்சத்தண்ணிதான்."

"பட்டன் சரியா விழுந்திருக்காது."

"பாத்துட்டுத்தானே கெளம்புனேன்."

"அப்போ உனக்குத்தான் அதிகமா போகுதோ என்னமோ. எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடு, ஜெபா."

ஜெபா தாழ்ப்பாளை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் பயம் வந்து உட்கார்ந்ததை வசந்தா பார்த்தாள். அப்போதும் துணியைப் பற்றிச் சொல்லவில்லை.

"சரிக்கா, காட்டுதேன். இதையெல்லாம் உன்கிட்ட இல்லாம வேற யார்கிட்ட கேக்க முடியும்?" என்று சொல்லிவிட்டு ஜெபா படியிறங்கிப் போனாள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று வசந்தா நினைத்தாள். நாளை வந்தது, போனது. திருப்பூர்ப் பார்சலும் வந்து சேர்ந்தது. நல்ல துணியைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சலாக வந்தது. பீரோவின் அடித்தட்டில் தள்ளினாள். கிறிஸ்துமஸ் பாட்டுக் குழு பிளாக் பிளாக்காக வந்து பாடிவிட்டுப் போனபோது அதில் ஜெபா இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, உடம்பு சரியில்லையாம் என்றார்கள். மொட்டைமாடிக் கொடிகளிலும் வசந்தா தைத்த பூப்போட்ட துணிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிருந்தன. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துப் பேசினார்கள், ரவிக்கைக்கு அளவு கொடுத்தார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க வசந்தா குனிந்துகொண்டு டேப்பை மடித்தாள்.

தட்டிக் கேட்டவள் தீபிகா ஒருத்திதான். ஆபீஸிலிருந்தே போன் செய்தாள். பின்னால் நாலு பேர் பேசுகிற சத்தம் கேட்டது.

"ஆன்ட்டி, ஒரு கம்ப்ளெயிண்ட். உங்க பேட் லீக் ஆகுது. எனக்கு மட்டும் இல்ல, என் ஃப்ரெண்ட்ஸுக்கும். ஒண்ணை வெட்டிப் பாத்தேன், உள்ள கோட்டிங் பொருக்குப் பொருக்கா உரிஞ்சு வருது. துணியை மாத்திட்டீங்களா?"

வசந்தா மாற்றித் தருவதாக மட்டும் சொன்னாள். பீரோவிலிருந்த துணியை எடுத்து அவசர அவசரமாகத் தைத்து, அந்தச் சனிக்கிழமை ரயிலேறிக் கொரட்டூருக்குப் போனாள். வெட்டிப்போட்ட நாப்கின் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் பக்கத்திலேயே கிடந்தது. தீபிகாவின் கணவன் ஸ்ரீகாந்த் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "ஆமா, சுத்தமா போயிடுச்சே. மழையில துணி கிடைக்கலையா உங்களுக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டான். ஒரு ஆண்பிள்ளை அதைத் தொட்டுப் பார்த்துப் பேசுகிறானே என்று வசந்தாவுக்கு உடம்பு கூசியது. அந்தக் கூச்சத்துக்குப் பின்னாலேயே, தான் கூச வேண்டியது அதற்கு இல்லை என்பதும் தோன்றியது.

"ஆமா தம்பி, கிடைக்கல. வேற துணி வச்சுட்டேன். தப்புதான்" என்றாள்.

"சரி விடுங்க ஆன்ட்டி, அதான் மாத்திக் குடுத்துட்டீங்களே" என்றாள் தீபிகா. பிறகு, "மத்தவங்களுக்கும் சொல்லிட்டீங்கள்ல? பாவம், தெரியாம எங்கயாவது வெளியில போய் மாட்டிக்கப்போறாங்க."

வசந்தாவால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். ரயிலில் இடம் இருந்தும் ஆவடி வரை கதவோரம் நின்றே வந்தாள். தைரியமாகக் கேட்டவளுக்கு ரயிலேறிப் போய் மாற்றிக் கொடுத்தாயிற்று. கேட்கத் தெரியாமல் வாசலில் நின்றவளை டாக்டரிடம் அனுப்பியாயிற்று. ஸ்டேஷனிலிருந்து தன் வீட்டுக்குப் போகாமல் நேராக எதிர் பிளாக்குக்கு நடந்தாள்.

ஜெபா கதவைத் திறந்தபோது அவள் முகம் வெளிறி வீங்கினாற்போல் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

"வாக்கா. மாத்திரை ஒத்துக்கல, ஒரே வாந்தி" என்றாள். "ஸ்கேன் எடுத்தாங்க. ஒண்ணும் தெரியல. ஆனா அதிகமா போகுதுன்னு நான் டாக்டர்கிட்ட சொன்னேம்லா, அதுக்கு மாத்திரை. இதைத் தின்னுக்கிட்டு இருக்கும்போது பிள்ளைக்கு முயற்சி பண்ணக் கூடாதாம்."

இரண்டாவது குழந்தைக்கு அவர்கள் எவ்வளவு நாளாகக் காத்திருக்கிறார்கள் என்பது வசந்தாவுக்குத் தெரியும். நின்றபடியே சொன்னாள். மழை, பார்சல் என்று ஆரம்பித்தாள். அது சாக்குச் சொல்வதாகத் தன் காதுக்கே கேட்டது. நிறுத்திவிட்டு, "உள்ள வச்ச துணி மட்டம், ஜெபா. துவைச்சா உரிஞ்சிடும்னு கடைக்காரர் சொல்லியும் வாங்கினேன். உன் உடம்புல ஒரு கோளாறும் இல்ல" என்றாள்.

ஜெபா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு உன் வாசல்ல நின்னு கேட்டேம்லா. அப்போ உனக்கு இது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் நம்புவாள் என்பதும் வசந்தாவுக்குத் தெரிந்தது.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் டாக்டர்கிட்ட போகச் சொன்னியா?"

ஆமென்று வசந்தா தலையை ஆட்டினாள்.

"சேலை போனா போகுது. அத்தனை பேர் பாத்தாங்களே, அதுகூடப் போகட்டும். கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொல்லிருவாங்களோன்னு இவ்வளவு நாளா இந்தக் கட்டில்ல கெடந்து அழுதிருக்கேன். அவங்க அம்மாகிட்டகூடச் சொல்லாண்டாம்னு என் வீட்டுக்காரங்ககிட்ட கெஞ்சிருக்கேன்." அவள் குரல் உயரவே இல்லை. "போயிரு, அக்கா. நான் ஏதாவது சொல்லிருவேன்."

வசந்தா படியிறங்கி வீட்டுக்குப் போய்க் கன்னியப்பனிடம் சொன்னாள். அவர் தட்டில் வைத்த சோற்றைப் பிசைந்தபடி கேட்டுவிட்டு, "மத்தவங்க வீட்டுக்கும் போய்ச் சொல்லிடு. மெசேஜ் கிசேஜ் வேணாம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் முதலில் போனது கீழ்த்தளத்துப் பொன்னம்மாள் வீட்டுக்கு. பொன்னம்மாள் கேன்டீனில் வேலை பார்ப்பவள், பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவள். ஆள் பேசினால் மூன்று மாடிக்கும் கேட்கும். வசந்தா கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். பொன்னம்மாள் சாத்திய கதவைத் திறந்தாள்.

"அடிப்பாவி! உன் துணியா இந்தக் கூத்துக்குக் காரணம்? நானு, நிக்கப்போற வயசுல இப்டித்தான் போவும்னு நெனச்சிகினு கீறேன்! ஊட்ல ஒரு பாய் உடாம நாசமாக்கி, மருமவளுக்குத் தெரியாம ஒளிச்சிகினு கீறேன்!"

மேல்மாடியில் யாரோ எட்டிப்பார்த்தார்கள். வேலைக்குக் கிளம்பிய ஆண்கள் இரண்டு பேர் படியில் நின்றுவிட்டார்கள். வசந்தாவுக்குக் காதெல்லாம் எரிந்தது.

"இன்னா பாக்குறீங்க? போங்க!" என்று அவர்களை விரட்டிய பொன்னம்மாள் மறுபடி இவள் பக்கம் திரும்பினாள். "ஜாக்கெட்டு இறுக்கமா கீதுன்னா மட்டும் ஓடியாந்து உன்ன கிழிக்கிறோம். இதுக்கு ஒருத்தி வாய தொறக்கலியேன்னு நீயும் கம்முனு குந்திகினு இருந்துட்டே, இல்ல?"

"ஆமாக்கா" என்றாள் வசந்தா.

பிறகு வீடு வீடாக ஏறி இறங்கினாள். சிலர் பரவாயில்லை என்றார்கள். ஒருத்தி பையோடு தூக்கி வாசலில் போட்டாள். பக்கத்து ஊரான சேக்காட்டில் ஒரு பெண் கதவையே திறக்காமல் ஜன்னல் வழியாகப் பேசி அனுப்பினாள். எல்லாவற்றையும் வாங்கி வந்து, வெட்டிப் பிரித்து, நல்ல துணி வைத்துத் தைத்தாள். பொங்கல் வரை வேறு தையல் எதையும் அவள் எடுக்கவில்லை.

ஜெபாவுக்குத் தைத்ததைக் கடைசியாகத்தான் எடுத்துக்கொண்டு போனாள்.

"வாங்கக்கா, உட்காருங்க" என்றாள் ஜெபா. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், முகம் தெளிந்திருந்தது. டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். பையை நீட்டியபோது மட்டும் கையை நீட்டவில்லை.

"வேண்டாங்கக்கா. நான் கடையிலயே வாங்கிக்கிடுதேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட வசந்தாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாங்க, உட்காருங்க, எடுத்துக்கிடாதீங்க. யாரோ விருந்தாளிக்குச் சொல்வது போல அவள் சொன்ன அந்த மரியாதை நெஞ்சை அறுத்தது. டீயைக் குடித்து முடித்து, "வரேன் ஜெபா" என்று எழுந்தாள். ஜெபா வாசல் வரை வந்தாள், அவள் படியிறங்கும்வரை காத்திருக்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கீழே, போன வாரம்தான் வேலூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த குடும்பத்துப் பெண் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் டெய்லர் அக்காவா? பையில என்ன, பிளவுஸா?"

"இல்லம்மா, துணி நாப்கின். மாசாமாசம் வைக்கிறது" என்றாள் வசந்தா. "நான்தான் தைக்கிறேன். இங்க ஒருத்தவங்களுக்குக் குடுக்க வந்தேன், வேணாம்னுட்டாங்க."

"ஏன்க்கா, நல்லா இருக்காதா?"

இங்கே நின்று சொன்னால் மாடிப்படியில் போகிற வருகிற எல்லோருக்கும் கேட்கும். வசந்தா பையைக் கீழே வைத்தாள். குழாயைக் கொஞ்சம் மூடச் சொன்னாள். ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.